பாட்டுக்குப் பட்டா – 11: விற்க முடியாத பாதி

சென்ற வாரம் 1977 மார்ச்சில் விட்டோம். பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் சங்கமான ஐபிஆர்எஸ்ஸுக்கும் கிழக்கிந்தியத் திரைப்படச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. காசு கொடுத்து எழுதச் சொன்னவர் தயாரிப்பாளர். மாறாக ஒப்பந்தம் ஏதும் இல்லையென்றால், எழுதிய சொல்லுக்கும் போட்ட மெட்டுக்கும் முதல் உரிமையாளர் அவர்தான்.

அந்தத் தீர்ப்போடு தனிக் குறிப்பு எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடுகிறவருக்குச் சட்டத்தில் இடமே இல்லையே என்று நாடாளுமன்றத்தைப் பார்த்துக் கேட்டதையும் பார்த்தோம். பாடகர்களுக்கு 1994இல் கொஞ்சம் வழி பிறந்தது. எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் 2012 வரை பிறக்கவில்லை.

இந்த வாரம் அந்த 2012க்கு வருகிறோம். ஆனால் நேரே டெல்லிக்குப் போனால் கதை புரியாது. டெல்லியில் எதைப் பூட்டினார்கள் என்பது, அதே சரக்கு லண்டனில் எப்படி விற்றது என்று பார்த்தால்தான் விளங்கும். அந்த விற்பனையைப் புரிந்துகொள்ள தருமபுரிப் பக்கம் ஒரு சாலையோரத்தில் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும்.

மகசூல் மட்டும்

சாலையோரப் புளிய மரம் அரசாங்கத்துக்குச் சொந்தம். அதன் மகசூல் மட்டும் ஏலத்துக்கு வரும். ஏலம் கேட்க நினைப்பவர் முதலில் மரத்தை அண்ணாந்து பார்ப்பார். போன வருடம் எவ்வளவு காய்த்தது, இந்த வருடம் பூ எப்படி, உலுக்கவும் பொறுக்கவும் ஆள்கூலி என்ன, ஓடு உடைத்துக் கொட்டை எடுக்க எவ்வளவு ஆகும், பாப்பிரெட்டிப்பட்டியில் கிலோ என்ன விலை போகும். இத்தனையையும் மனக்கணக்காகப் போட்டு ஒரு தொகை சொல்வார்.

மரம் அவருடையது ஆகாது. விறகும் ஆகாது. அந்தப் பருவத்துக் காய் மட்டும். காய் குறைந்தால் நஷ்டம் அவர் தலையில்தான்.

பாட்டு ராயல்டியை வாங்குகிறவர் செய்வதும் இதுவே. ஒரு பாட்டு கடந்த சில ஆண்டுகளில் எவ்வளவு ஈட்டியது என்று கணக்குப் பார்ப்பார். அதன் சராசரியை இத்தனை மடங்கு என்று பெருக்கி மொத்தமாகக் கையில் கொடுத்துவிடுவார். ஆண்டுக்கு 1 லட்சம் வரும் பாட்டுக்கு 15 மடங்கு என்றால் 15 லட்சம். அதன்பின் வருவதெல்லாம் வாங்கியவருக்கு.

வித்தியாசம் ஒன்று உண்டு. புளி ஏலம் ஒரு பருவத்தோடு முடிந்துவிடும். பாட்டின் உரிமை, எழுதியவர் இறந்தபின்னும் இந்தியச் சட்டப்படி 60 ஆண்டு நீடிக்கும். இப்போது எழுதப்படும் பாட்டுக்கு அமெரிக்காவில் 70 ஆண்டு. இவ்வளவு நீண்ட காய்ப்பை முன்கூட்டியே விலைபேச ஒருவருக்குத் துணிச்சல் வேண்டும். இல்லையென்றால் அடுத்தவர் பணம் வேண்டும்.

அடுத்தவர் பணத்தை முதலில் கொண்டுவந்தவர் ஒரு ராக் பாடகர். 1997இல் டேவிட் போவி தன் 25 ஆல்பங்களின் வருங்கால வருமானத்தை அடமானமாக வைத்து 5.5 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட்டார். யோசனை, டேவிட் புல்மன் என்ற வங்கியாளருடையது. மொத்தத்தையும் வாங்கியது ப்ரூடென்ஷியல் காப்பீட்டு நிறுவனம். பத்து ஆண்டு, 7.9 சதவீத வட்டி. நடுவில் இணையத் திருட்டு வந்து இசைச் சந்தை சரிந்தது. 2004இல் தரமதிப்பீட்டு நிறுவனமான மூடீஸ் அந்தப் பத்திரத்தின் தரத்தைக் குறைத்து, குப்பைத் தரத்துக்கு ஒரு படி மேலே கொண்டுபோய் வைத்தது. ஆனாலும் 2007இல் கடன் ஒழுங்காக அடைந்தது. போவி பாட்டுகளும் திரும்ப அவர் கைக்கு வந்தன.

கவனிக்கவேண்டியது இது: போவி விற்கவில்லை, அடகு வைத்தார். அடுத்து வந்தவர்கள் விற்றார்கள்.

லண்டன், 2018 ஜூலை

லண்டன் பங்குச் சந்தையில், பாட்டுரிமைகளை வாங்கும் ஹிப்னோசிஸ் சாங்ஸ் ஃபண்ட் என்ற நிதியின் பெயர் ஏறுகிறது. நடத்துபவர் மெர்க் மெர்குரியாடிஸ். பல நட்சத்திரங்களுக்கு மேலாளராக இருந்த கனடாக்காரர். கூட நின்றவர் கிதார் கலைஞர் நைல் ராட்ஜர்ஸ். முதல் சுற்றிலேயே சுமார் 20 கோடி பவுண்டு திரண்டது.

மெர்குரியாடிஸின் வாதம் எளியது. தங்கமும் எண்ணெயும் அரசியல் கொந்தளிப்பில் ஏறி இறங்கும். ஹிட் பாட்டு அப்படியில்லை. சந்தோஷத்திலும் கேட்பார்கள், துக்கத்திலும் கேட்பார்கள், ஊரடங்கிலும் கேட்பார்கள்.

இந்தப் பேச்சு 1998இல் எடுபட்டிருக்காது. ஒரு கேசட்டை ஒருமுறை வாங்கினால் கதை முடிந்தது. ஆயிரம் முறை போட்டுத் தேய்த்தாலும் எழுதியவருக்கு ஒரே வரவுதான். ஸ்ட்ரீமிங் அதை மாற்றியது. ஒவ்வொரு முறை கேட்பதும் கணக்கில் ஏறுகிறது. பத்து வருடத்துக்கு முந்திய பாட்டு இந்த மாதம் எந்த ஊரில் எத்தனை முறை ஓடியது என்று திரையில் தெரிகிறது. கணக்குத் தெரிந்த இடத்துக்குத்தான் முதலீட்டாளர் வருவார். வந்தார்கள்.

அந்த நிதியின் முதல் கொள்முதல் யாருடையது தெரியுமா? பீட்டில்ஸ் தலைமுறையில் ஒருவருடையது இல்லை. த-ட்ரீம் என்ற பெயரில் இயங்கும் டெரியஸ் நாஷ். ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா', பியான்சேயின் 'சிங்கிள் லேடீஸ்' இரண்டையும் எழுதியவர்களில் ஒருவர். ஏறக்குறைய 300 பாட்டுகளில் அவருக்கிருந்த உரிமையின் பெரும்பகுதிக்கு சுமார் 2.3 கோடி டாலர். பின்னால் டிம்பலாண்ட் வந்தார். 2020இல் ராப் குழுவான வூ-டாங் கிளானின் ஆர்சா, தன் பாட்டுரிமையில் பாதியைக் கொடுத்தார்.

ஹிப்ஹாப் முதல் வரிசையில் நின்றது தற்செயல் இல்லை. 2017இல் அமெரிக்காவில் அதிகம் கேட்கப்படும் இசையாக ராக்கை அது முந்தியிருந்தது. ஸ்ட்ரீமிங்கில் அதன் கை இன்னும் ஓங்கியிருந்தது.

ஆனால் ராப் பாட்டின் உரிமையை வாங்குவது சிக்கல் பிடித்த வேலை. எந்தப் பாட்டிலும் இரண்டு சொத்து இருக்கிறது: எழுதிய பாட்டு, அதாவது சொல்லும் மெட்டும், பதிவு செய்த ஒலி, அதாவது மாஸ்டர். ஸ்பாட்டிஃபை போன்ற தளம் தன் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்குக் கொடுக்கிறது. அதில் பெரும்பங்கு மாஸ்டருக்குப் போய்விடும். எழுதிய பாட்டுக்கு வருவது சிறுபங்கு.

அந்தச் சிறுபங்கிலும் ராப்பில் கூட்டம் அதிகம். ராப் செய்தவர் வரி எழுதியவர். பீட் போட்டவர் இசையமைப்பாளர். இடையில் வரும் பல்லவியை வேறொருவர் எழுதியிருப்பார். பழைய பாட்டிலிருந்து நான்கு நொடி வெட்டி ஒட்டியிருந்தால் அந்தப் பழைய பாட்டுக்காரரும் பங்காளி. 1991இல் நியூயார்க் நீதிமன்றம் பிஸ் மார்க்கி வழக்கில் அனுமதியில்லாத வெட்டுக்குத் தடை போட்டபிறகு, ஒட்டுவதற்கு முன் விலைபேசுவது கட்டாயமாயிற்று. ஒரே பாட்டுக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் எழுத்தாளராக நிற்பது அதனால்தான்.

தமிழிலும் இந்த அடுக்கு உண்டு. மலேசியாவின் யோகி பி & நட்சத்ரா 2006இல் 'வல்லவன்' ஆல்பத்தில் 'மடை திறந்து' செய்தார்கள். அடியில் நிற்பது 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டு. தமிழ் ராப்பை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்த பாட்டே இன்னொரு பாட்டின் தோளில் ஏறி நின்றதுதான். இளையராஜாவின் வழக்குகளுக்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும், இப்போது வேண்டாம்.

ஏலக்காரர் தப்புக்கணக்குப் போட்ட நாள்

ஹிப்னோசிஸ் வாங்கிக்கொண்டே போயிற்று. ஐந்தே ஆண்டுகளில் 65,000 பாட்டுகளுக்கு மேல். சராசரி விலை, ஆண்டு வருமானத்தைப்போல 15 மடங்குக்கு மேல்.

2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்த வட்டி அடுத்த ஆண்டே 5 சதவீதத்தைத் தாண்டியது. சும்மா அரசுப் பத்திரத்தில் போட்டாலே 5 கிடைக்கும்போது, பாட்டுக் காய்ப்பை நம்பி 15 மடங்கு கொடுப்பானேன்? பங்கு விலை இறங்கியது.

பிறகு வந்த இடிதான் எனக்கு வேடிக்கையாகப்படுகிறது. அமெரிக்காவில் பாடலாசிரியர்களுக்கான ஸ்ட்ரீமிங் கட்டணத்தை ஒரு ராயல்டி வாரியம் நிர்ணயிக்கிறது. 2018 முதல் 2022 வரையிலான கட்டணத்தை அது உயர்த்த, ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் எதிர்த்து வழக்காட, கடைசியில் உயர்வு உறுதியானது. பழைய பாக்கி வரவேண்டும். 2.17 கோடி டாலர் வரும் என்று நிதி கணக்கில் எழுதி வைத்திருந்தது. 2023 அக்டோபரில் அந்தக் கணிப்பு 99 லட்சம் டாலராகச் சுருங்கியது. அறிவித்திருந்த ஈவுத்தொகையை நிறுத்தவேண்டியதாயிற்று.

ராயல்டி வரும் என்று நம்பி, வராமல் கைபிசைந்து நிற்பது பாடலாசிரியரின் தலையெழுத்து என்று நினைத்திருந்தோம். பாடலாசிரியரிடமிருந்து வாங்கிய கம்பெனிக்கும் அதே கதி!

அதே மாதத்தில் பங்குதாரர்கள் கூடினார்கள். நிதி தொடரவேண்டுமா என்று வாக்கெடுப்பு. ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் 'வேண்டாம்'. 2024 மார்ச்சில் வெளியார் ஒருவரை வைத்து மறுமதிப்பீடு செய்தபோது, பாட்டுகளின் மதிப்பு முன்பு சொன்னதைவிடக் கால் பங்குக்கு மேல் குறைந்தது. அந்த ஆண்டே முதலீட்டு நிறுவனமான பிளாக்ஸ்டோன் சுமார் 160 கோடி டாலருக்கு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

பாட்டு எழுதியவர்கள்? அவர்கள் 2018லும் 2020லும் மொத்தமாக வாங்கியது வாங்கியதுதான். இந்தச் சுற்றில் ஜெயித்தவர்கள் விற்றவர்கள். அப்படியானால் நம் ஊர்ப் பாடலாசிரியர்களும் நல்ல விலை வந்தபோது விற்றிருக்கலாமே?

விற்றிருக்க முடியாது. லண்டனில் அந்தக் கடை திறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே டெல்லியில் பூட்டிவிட்டார்கள்.

டெல்லி, 2012 மே 17

மாநிலங்களவை. பதிப்புரிமைத் திருத்த மசோதா. கொண்டுவந்தவர் அன்றைய மனிதவள அமைச்சர் கபில் சிபல். மசோதா முதலில் அவைக்கு வந்தது 2010 ஏப்ரலில். நிலைக்குழுவுக்குப் போய், திரும்பி, இரண்டு ஆண்டு கிடந்தது.

அன்று பேசியவர்களில் ஒருவர் நியமன உறுப்பினர் ஜாவேத் அக்தர். இந்திப் படங்களுக்குக் கதையும் பாட்டும் எழுதி வாழ்ந்தவர். தான் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதை மறைக்கவில்லை. ஊரே பாடிய பாட்டுகளை உண்டாக்கியவர்கள் கடைசிக் காலத்தில் பட்ட வறுமையை எடுத்துச் சொன்னார். அவை மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றியது. 22ஆம் தேதி மக்களவை. ஜூன் 21 முதல் நடைமுறை.

இங்கே கொஞ்சம் நிதானிப்போம். தொடரின் திருப்பம் இந்தத் திருத்தத்தில் இருக்கிறது.

1977 தீர்ப்பு சொன்னதை மட்டும் மாற்றி, 'எழுதியவருக்கு ராயல்டி உண்டு' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறுநாளே ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இன்னொரு வரி முளைத்திருக்கும்: 'மேற்படி ராயல்டியை மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன்.' முதல் பட வாய்ப்புக்காகக் கோடம்பாக்கத்தில் அலைகிற கவிஞர் அதில் கையெழுத்துப் போடாமல் இருப்பாரா? பேனா கொடுத்தால் போட்டுவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருவார்.

அது தெரிந்துதான் சட்டம் எழுதியவர்கள் 18ஆம் பிரிவில் கைவைத்தார்கள். படத்தில் வரும் பாட்டானாலும் சரி, படத்தில் இல்லாத தனிப்பாட்டானாலும் சரி, அதை எழுதியவரும் இசையமைத்தவரும், உரிமையை வாங்கியவரோடு சமமாகப் பகிர்ந்துகொள்ளும் ராயல்டியை யாருக்கும் எழுதிக்கொடுக்கவும் முடியாது, வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கவும் முடியாது. விதிவிலக்கு இரண்டே பேர்: சட்டப்படியான வாரிசு, பதிப்புரிமைச் சங்கம். மீறி ஒப்பந்தம் போட்டால் அது செல்லாது. படத்தோடு சேர்த்துத் திரையரங்கில் ஓடுவதற்கு மட்டும் இந்த ராயல்டி கிடையாது.

கையெழுத்துப் போட்டாலும் செல்லாத சொத்து! கலைஞர்களைக் கலைஞர்களிடமிருந்தே காப்பாற்றும் சட்டம் என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோபம் இல்லை. தேவை கழுத்தை நெரிக்கும்போது போடும் கையெழுத்துக்கு என்ன மரியாதை என்பதை 1977க்கு முந்திய ஒப்பந்தங்களில், இந்தத் தொடரின் ஆரம்ப வாரங்களில் பார்த்தாயிற்று. ஆனால் மறுபக்கமும் நிஜம். ஆஸ்பத்திரிச் செலவுக்கோ, சொந்தமாக ஒரு ஒலிப்பதிவுக் கூடம் கட்டவோ, தன் பாட்டின் வருங்காலத்தை வைத்து மொத்தமாகப் பணம் புரட்ட வூ-டாங் ஆளுக்கு வழி இருந்தது. நம் ஆளுக்கு இல்லை.

அதனால் இந்தியாவில் முதலீடு வேறு வாசலில் நுழைந்தது. எழுதியவரின் பாதிதான் பூட்டில் கிடக்கிறது. பாட்டை வாங்கி வெளியிடும் இசை நிறுவனத்தின், அதாவது லேபிளின் பாதி திறந்தே இருக்கிறது. 2021இல் பிரான்ஸின் பிலீவ், சென்னையின் திங்க் மியூசிக்கில் பணம் போட்டது. 2023 ஜனவரியில் வார்னர் மியூசிக், சென்னையின் டிவோவில் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. சரிகமாவும் டிப்ஸும் பங்குச் சந்தையிலேயே இருக்கின்றன. தருமபுரியில் டீமேட் கணக்கு வைத்திருக்கும் ஒருவர் நாளைக் காலையே பழைய பாட்டுகளின் காய்ப்பில் சிறு பங்கு வாங்கலாம். அது எழுதியவரின் பங்கு இல்லை, பாட்டை வைத்திருக்கும் கம்பெனியின் பங்கு.

பூட்டு போட்டாயிற்று. உள்ளே பணம் வந்து சேர்ந்ததா? புதிய சட்டப்படி ஐபிஆர்எஸ் மறுபதிவு பெறவே 2017 நவம்பர் ஆயிற்று. ஐந்து ஆண்டு. பிறகு ஜாவேத் அக்தர் தலைமையில் வசூல் மளமளவென்று ஏறி, 2022–23இல் 564 கோடி ரூபாயைத் தொட்டது. சங்கத்தில் பெயர் இருந்து, பாட்டும் சரியாகப் பதிவாகியிருந்தவர்களுக்கு வந்தது.

மற்றவர்கள்?

மூன்றாகப் பிரிக்கப்பட்ட வரவு

2021 மார்ச் 7. மாஜா என்ற தளத்தின் யூடியூப் பக்கத்தில் 'எஞ்சாயி எஞ்சாமி' வெளியாகிறது. பாடியவர்கள் தீ, அறிவு. வரிகள் அறிவுடையது. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். மாஜா, வெளிநாடுவாழ் தமிழர் நோயல் கீர்த்திராஜ் தொடங்கி, ஏ.ஆர். ரஹ்மான் ஆதரவோடு வந்த நிறுவனம். சுதந்திரக் கலைஞர்களுக்கான மேடை என்பதுதான் அதன் முகவரி.

அரக்கோணத்துக்காரர் அறிவு. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் தெரியவந்தவர். இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 2019இல் 'தெருக்குரல்' ஆல்பம் செய்தவர். இந்தப் பாட்டின் வேர் அவருடைய பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாமல் திரும்பி வந்தவர்களின் கதை. பாடுபட்ட மண்ணில் பட்டா இல்லாதவர்களைப் பற்றிய பாட்டு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பாட்டு பறந்தது. யூடியூபில் 40 கோடி பார்வைகளைத் தாண்டியது. பிரெஞ்சு டிஜே ஸ்னேக் மறுகலவை செய்தார். தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து அரூருக்குக் கிளம்பும் வண்டியிலும் ஓடியது, டொராண்டோ கல்யாண மண்டபத்திலும் ஓடியது.

2021 ஆகஸ்டில் ஒரு பத்திரிகை அட்டையில் அறிவு இல்லாததைக் கண்டித்து இயக்குநர் பா. ரஞ்சித் எழுதினார். 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பாட்டு மேடையேறியது, அறிவு மேடையில் இல்லை. சில நாளில், பாட்டை உருவாக்கியதில் தன் பங்கு என்ன என்று அறிவு இன்ஸ்டாகிராமில் எழுதினார். சந்தோஷ் நாராயணன் பதில் எழுதினார். அதில் ஒரு தகவல்: இந்தப் பாட்டின் வருமானமும் உரிமையும் தீ, அறிவு, தான் என மூவருக்கும் சமம்.

யார் எவ்வளவு உருவாக்கினார் என்பதில் ஊர் இரண்டுபட்டு நின்றது. அந்தச் சண்டை சாதியையும் தொட்டது, தொட்டிருக்கவும் வேண்டியதுதான். ஆனால் அந்த இரைச்சலில் ஒரு கேள்வியை யாரும் உரக்கக் கேட்கவில்லை. சமமாகப் பிரித்தது சரி. பிரிக்கிற தொகை எவ்வளவு?

2024 மார்ச்சில், பாட்டின் மூன்றாம் ஆண்டு நிறைவை ஒட்டி, சந்தோஷ் நாராயணன் காணொளியில் அதற்குப் பதில் சொன்னார். அந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் ஒரு பைசா வரவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. ரஹ்மானும் இதில் பாதிக்கப்பட்டவரே என்றும் சொன்னார். மாஜா குற்றச்சாட்டை மறுத்து அறிக்கை விட்டது.

யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல இந்தத் தொடருக்கு அதிகாரம் இல்லை. கணக்குப் புத்தகம் நம் கையிலும் இல்லை. ஆனால் ஒன்று தெளிவு. தமிழில் இந்த நூற்றாண்டின் மிகப் பெரிய தனிப்பாட்டு ஒன்றில், ஹிட் ஆகி மூன்று ஆண்டு கழித்தும், பணம் வந்ததா இல்லையா என்பதிலேயே இரு தரப்பும் எதிரெதிராக நிற்க முடிந்திருக்கிறது. 18ஆம் பிரிவு அப்போது நடைமுறையில் இருந்தது. எழுதியவரின் பாதியை யாரும் வாங்கமுடியாது என்று அது சொல்கிறது. அந்தப் பாதியை எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்கோடு கொண்டுவந்து கொடுக்கவேண்டும் என்று சொல்லவில்லை.

பென்னாகரத்திலிருந்து ஓர் அப்லோடு

பென்னாகரத்தில் ஒரு கல்லூரி மாணவர் ராப் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பீட்டை இணையத்தில் யாரோ ஒரு ஐரோப்பியரிடம் சில ஆயிரம் ரூபாய்க்கு உரிமம் வாங்குகிறார். அறையில் போர்வையைத் தொங்கவிட்டுப் பதிவு செய்கிறார். விநியோகத் தளத்தில் ஏற்றும்போது ஒரு படிவம் வரும். பாடகர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், வெளியீட்டாளர் என்று கட்டங்கள். நான்கிலும் தன் ராப் பெயரையே அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

அந்த ஒரு நிமிடத்தில் நடப்பதைப் பாருங்கள். பீட் உரிமத்தின் சிறிய எழுத்தில், பாட்டின் இசைப் பங்கு பாதி பீட் போட்டவருக்கு என்று பெரும்பாலும் இருக்கும். படிவத்தில் அவர் பெயர் இல்லை. ராப் பெயரில் சங்கத்தில் யாரும் உறுப்பினர் இல்லை. பதிவுக்கு ஐஎஸ்ஆர்சி என்ற எண்ணைத் தளமே போட்டுவிடும். எழுதிய பாட்டுக்கு ஐஎஸ்டபிள்யூசி என்று தனி எண் வேண்டும்; சங்கத்தில் பதிந்தால்தான் வரும். இரண்டு எண்ணும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாவிட்டால், எழுத்தாளர் பங்கு எங்கோ ஒரு கணக்கில் பெயரில்லாமல் கிடக்கும்.

இது நம் ஊர் அலட்சியம் மட்டும் என்று நினைக்கவேண்டாம். 2021இல் அமெரிக்காவில் இதற்கென ஒரு பொது அமைப்பு தொடங்கியபோது, சொந்தக்காரர் யாரென்று பொருந்தாமல் ஸ்ட்ரீமிங் நிறுவனங்களிடம் கிடந்த பழைய பணம் 42 கோடி டாலருக்கு மேல் அதனிடம் வந்து சேர்ந்தது.

பென்னாகரமும் பாலக்கோடும் சேர்ந்த இந்தத் தகடூர் நாட்டில்தான் அதியமான் நெடுமான் அஞ்சியின் வாசலில் அவ்வை பரிசிலுக்குக் காத்திருந்தாள். தாமதமானபோது வாயிற்காவலனைப் பார்த்துச் சீறினாள்; புறநானூற்றில் 206ஆம் பாட்டு. அவளுக்குக் குறைந்தபட்சம் எந்த வாசல் என்று தெரிந்திருந்தது.

மாணவரின் பாட்டு எப்படியோ ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து ஒரு லேபிள் கூப்பிடுகிறது. ஒப்பந்தம் நீட்டுகிறது. சட்டம் தெரிந்த லேபிள். எழுத்தாளர் பங்கை விட்டுக்கொடு என்று எங்கும் எழுதவில்லை. பாதி உனக்குத்தான், தம்பி என்கிறார்கள். அடுத்த பக்கத்தில், கையெழுத்தானதும் 2 லட்சம் ரூபாய் முன்பணம். வீட்டில் யாரும் அவ்வளவு பணத்தை ஒரே நாளில் பார்த்ததில்லை.

அதற்குக் கீழே ஒரு வரி. முன்பணமும், காணொளிச் செலவும், விளம்பரச் செலவும் கழியும்வரை ராயல்டி எதுவும் வழங்கப்படாது.

சங்கம் வழியாக நேரே வருவதில் லேபிளின் கை படாது. லேபிள் வசூலித்துத் தரவேண்டியதில்தான் இந்தக் கழிவு. செலவுக் கணக்கை எழுதுவது லேபிள். கழித்துக்கொள்வது, யாரும் வாங்கமுடியாது என்று 18ஆம் பிரிவு சொன்ன அதே பாதியிலிருந்து. ஆண்டுகள் ஓடுகின்றன, பாட்டும் ஓடுகிறது, கணக்கு மட்டும் கழிந்தபாடில்லை.

விற்கக்கூடாத ஒன்றின் மேல் கொடுத்த அந்த 2 லட்சம், கடனா, கிரயமா?

(தொடரும்)